சாமி மேடையில் இருந்த பேக்கப்

எங்கள் கம்பெனியின் பழைய பதிவெல்லாம் ஈப்போ டவுனை ஒட்டிய புந்தோங்கில் ஒரு வீட்டுச் சாமி மேடையில் இருந்தது. முருகன் படத்துக்கு வலப்பக்கம், விபூதித் தட்டுக்குக் கொஞ்சம் பின்னால். இதைச் சொன்னால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எந்தப் பேங்குப் பெட்டகத்திலும் அது அவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது. அவ்வளவு பத்திரமாக இருந்ததால்தான் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் படாத பாடு பட்டோம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போவில் ஒரு தோட்ட நிர்வாகக் கம்பெனி. பீடோர் பக்கமும் ஹுத்தான் மெலிந்தாங் போகிற வழியிலும் அதற்குத் தோட்டங்கள் இருந்தன. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள், சிலதை விற்றார்கள், சிலதைத் துண்டு போட்டார்கள். தோட்டம் போனாலும் தோட்டத்துக் காகிதம் போகவில்லை. யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்த லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தார், எப்போது நின்றார் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டை, வைத்திருந்த பெரியவர்கள் டவுனுக்குப் பஸ் ஏறி வந்து, "நான் அங்கதான் பால்மரம் வெட்டினேன்னு ஒரு கடுதாசி குடுங்கம்மா" என்று கேட்பார்கள். அந்த மூட்டையைப் பிரித்துத் தேடுவதற்குள் அவர்கள் கொண்டு வந்த சாப்பாடு ஆறிப்போகும்.

அந்தக் காகிதத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அதற்குமேல் கொஞ்சம், அவ்வளவுதான் என் படிப்பு. டைப் அடிக்கப் பழகியது யாரோ கழித்துப்போட்ட ஒரு மெஷினில். அதில் ஒரு எழுத்து விழாது. இன்றைக்கும் அந்த எழுத்து வந்தால் என் விரல் ஒரு கணம் தயங்கும். ஆனாலும் வேகமாக அடிப்பேன். கம்ப்யூட்டர் ரூமில் ஏர்கண்டிஷன் ஓடும், வெயிலுக்கு நல்லா இருக்கும். என்னோடு அடித்த இன்னொரு பெண்மணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பொணத்த வெக்கிற ரூமு மாதிரில இருக்கு" என்பாள். ஒருவகையில் சரிதான். நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களில் பாதிப்பேர் போய்ச்சேர்ந்தவர்கள்.

பழைய பதிவுகளுக்கென்று தனியாக ஒரு சிஸ்டம் இருந்தது. அதற்கு இங்கிலீஷில் நீளமாகப் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் பரண் என்போம். புழக்கத்தில் இல்லாததைத் தூக்கி மேலே போட்டுவைக்கிற இடம், வேறென்ன. பரணில் இருப்பதை அப்படியே பெரிய டேப் சுருளில் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்வதுதான் பேக்கப். டிஸ்க் கெட்டுப்போனால் டேப்பிலிருந்து திரும்ப ஏற்றுவது ரிஸ்டோர். பேக்கப்பை வாரம் தவறாமல் எடுத்தோம். ரிஸ்டோரை யாரும் செய்து பார்த்ததில்லை. நெருப்பு பிடிக்காத கட்டடத்தில் எதற்கு அது என்று இருந்துவிட்டோம்.

பேக்கப்பில் இரண்டு சுருள். ஒன்று ரூமிலேயே இருக்கும். மற்றது கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் சட்டம். வெளியே எங்கே என்று சட்டத்தில் எழுதவில்லை. பேங்கில் பெட்டகம் எடுக்க மேனேஜருக்கு மனம் வரவில்லை. அதனால் எங்கள் ஹெட் ஆப்பரேட்டர் அண்ணனிடம், "நீங்கள் வீட்ட கொண்டுபோய் வையுங்கோ, கவனம்" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சு அப்படித்தான் வரும்.

அண்ணன் சுருளை ரோத்தான் பிரம்புக் கூடையில் வைத்து மோட்டார் சைக்கிளில் புந்தோங்குக்குக் கொண்டுபோனார். வீட்டில் அதை எங்கே வைப்பது என்று முடிவு பண்ணியது அக்கா, அவர் மனைவி. அலமாரியில் பிள்ளைகள் கை வைப்பார்கள், கட்டிலுக்கடியில் எலி. குளிக்காமல் யாரும் தொடாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டபோது அண்ணன், "பழைய தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இருக்காங்க" என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அக்கா பீடோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டமும் விற்றுப்போன தோட்டம். அன்றிலிருந்து டேப்புப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை ஒரு முழம் பூ.

வாரா வாரம் புதுச்சுருள் உள்ளே போகும், பழையது வெளியே வரும். வெள்ளி, செவ்வாய் இரண்டு நாளும் அக்கா எதையும் வெளியே விடமாட்டார் என்பதால் அண்ணன் புதன்கிழமையை வைத்துக்கொண்டார். ஒருமுறை கணக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், வாரத்தின் நடுவில் சுருளை மாற்றுவது மிகவும் யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

அப்புறம்தான் வந்தது சூசா, பெரிய தொல்லை. கிளை அலுவலகங்களில் கம்ப்யூட்டர் ரூம் தேவையா, எல்லாவற்றையும் கோலாலம்பூருக்கே கொண்டுபோய்விடலாமா என்று தலைமை அலுவலகத்தில் பேச்சு கிளம்பியது. பார்த்து எழுத ஒருவரை அனுப்பினார்கள். எங்களுக்கெல்லாம் வயசு இருந்தது, எங்கேயாவது போய் எதையாவது அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு அப்படி இல்லை. புந்தோங் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் இழுத்துக் கட்டி அப்போதுதான் முடித்திருந்தார். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ரூமை மூடினால் அவர் மறுபடியும் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாகப் போய்க் குவாட்டர்ஸில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோலாலம்பூர். "எனக்கு ஈப்போவ விட்டா தூக்கம் வராது தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். அவர் மேஜையிலேயே நன்றாகத் தூங்குவார் என்பது வேறு விஷயம்.

கோலாலம்பூரிலிருந்து வந்தவர் சீனர், சின்ன வயசு, சுத்தமான சட்டை, கையில் ஒரு பெட்டி. பெட்டியில் தலைமை அலுவலகத்து டேப் ஒன்று இருந்தது. எங்கள் மெஷினில் அது ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. ரொம்ப நல்லது என்றார். அப்புறம், கட்டடம் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், ரிஸ்டோர் பண்ணிக் காட்டுங்கள் என்றார். வைத்துக்கொள்வதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தது அப்படிப்போல, பரண் முழுவதையும் டிஸ்கிலிருந்து தன் கையாலேயே அழித்தார். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். டேப் இருக்கிறதே, பயம் ஏன் என்று சிரித்தார்.

ரூமில் இருந்த சுருளை அண்ணன் மெஷினில் மாட்டினார். அது கொஞ்சம் ஓடியது, நின்றது, பின்னுக்குப் போனது, பிறகு முறுக்கு பிழிகிற மாதிரி ஒரு சத்தம். மெஷின் கதவைத் திறந்தால் டேப் கசங்கிச் சுருண்டு ரோலருக்குள் சிக்கிக் கிடந்தது. மெஷின் தின்றுவிட்டது. பேராக் மாநிலத்துத் தோட்ட ஜனங்களின் பதிவு உலகத்தில் இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, முருகனுக்கு வலப்பக்கத்தில்.

கோலாலம்பூர்க்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. சாயங்காலத்துக்குள் பரண் திரும்பி வராவிட்டால் இந்த ரூமைப் பற்றி எழுத அவருக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும் என்றார். அழித்தது அவர் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அண்ணன் மோட்டாரை எடுத்துக்கொண்டு பறந்தார்.

திரும்பி வந்தபோது கூடை காலியாக இருந்தது.

"டேப் எங்க?" என்றார் மேனேஜர்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்."

"அதுக்கு?"

"வெளக்கு வெச்ச வீட்டுலேருந்து வெள்ளிக்கிழமை எதையும் வெளிய குடுக்க மாட்டேங்கிறா. லெச்சுமி போயிடும்ங்கிறா."

"உங்கட மனிசி கம்பெனிச் சாமானைத் தரமாட்டன் எண்டு சொல்லுறாவோ?"

"கம்பெனிச் சாமான்னு சொன்னேன் சார். மேடைக்கு வந்த பெறகு அது எப்படி கம்பெனிச் சாமான்ங்கிறா."

"நீங்கள் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதானே."

"தூக்கலாம் சார். சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குத்தானே போகணும்."

மேனேஜருக்குக் கோபத்தில் கண்ணாடி கீழே இறங்கியது. இந்தக் காலத்தில் இப்படியும் மூடநம்பிக்கையா என்று ரூமைப் பார்த்துக் கேட்டார். அவருடைய காரை நல்லநாள் பார்த்துத்தான் எடுத்தார், எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றித்தான் ஓட்டினார். ஆனால் அது கார். அந்தக் காரிலேயே எங்களை ஏற்றினார், கோலாலம்பூர்க்காரரை முன்னால், என்னைப் பின்னால். பொம்பளை பேசினால் பொம்பளை கேட்பாள் என்பது அவர் கணக்கு. அண்ணன் மோட்டாரில் பின்னாலேயே வந்தார், வரப் பிரியமில்லாதவர் போல.

அக்கா தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தார். வீடு முழுக்கச் சாம்பிராணி. காரைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து எல்லாரையும் உட்காரச் சொன்னார், பசியாறியாச்சா என்று கேட்டார், பதில் வருவதற்குள் கோப்பி கலக்கப் போனார். மேனேஜர் எழுந்து நின்று பேசினார். கம்பெனி, சட்டம், பொறுப்பு, விஞ்ஞானம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக, "இது மூடநம்பிக்கை தங்கச்சி, விளங்குதோ?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் அக்கா. "கோப்பிக்குச் சீனி போதுங்களா?"

நான் சமையல்கட்டுக்குப் பின்னாலேயே போனேன். அக்கா, அண்ணன் வேலை போயிடும் என்றேன். அது தனக்கும் தெரியும் என்றார். பொரித்த வடையை எண்ணெய் வடியவிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் குடுத்துட்டு, அப்புறம் வேலையும் போச்சுன்னா? வெள்ளிக்கிழம குடுத்ததாலதான் போச்சுன்னு சாவுற வரைக்கும் நெனப்பேன்ல." நான் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

காரியத்தை நகர்த்தியது கோலாலம்பூர்க்காரர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்று பார்த்தார். சந்தனப் பொட்டும் பூவுமாக இருந்த அந்தப் பெட்டியை அவர் கொஞ்ச நேரம் அடையாளமே கண்டுபிடிக்கவில்லை. பிறகு மலாயில் பேச ஆரம்பித்தார், நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். சீனப் புதுவருஷத்தன்று அவர் அம்மாவும் வீட்டைக் கூட்ட விடமாட்டாராம், நல்லதெல்லாம் குப்பையோடு போய்விடுமாம். ஒரு வருஷம் தங்கச்சி மறந்துபோய்க் கூட்டிவிட்டாளாம், அந்த வருஷம் வீட்டில் நடந்த எல்லாக் கெட்டதுக்கும் இன்றுவரைக்கும் அந்தத் துடைப்பம்தான் காரணமாம். அக்கா அக்கறையாக எல்லாவற்றையும் கேட்டார். அந்தத் துடைப்பத்தை என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். எரித்துவிட்டார்கள் என்றதும், அதுதான் சரி என்றார்.

பிறகு அவர் மெல்லக் கேட்டார். கொடுக்கக்கூடாது, புரிகிறது. ஆனால் எப்படிச் செய்தால் அது கொடுத்ததாக ஆகாது?

அக்கா யோசித்தார். "மொதல்ல ஒண்ணு உள்ள வந்து, அப்புறம் ஒண்ணு வெளிய போனா, அது குடுக்கறது இல்ல. மாத்தறது" என்றார். நான் மலாயில் சொன்னேன். அண்ணனுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் மோட்டார்ப் பெட்டியிலிருந்து புதுச்சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார், இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஆளுங்க இருக்காங்களா?"

"இல்ல, இது காலி. புதுசு."

"காலி டப்பாவ சாமிகிட்ட வெச்சிட்டு நெறஞ்சத தூக்கிட்டுப் போவீங்க. நல்லாருக்கு மச்சான் உங்க நியாயம்."

மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் இதை மலாயில் திருப்பிச் சொன்னபோது எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. காலிச் சுருளும் நிறைந்த சுருளும் ஒன்றா என்ன? கோலாலம்பூர்க்காரரும் தலையாட்டினார். கொஞ்ச நேரம் வடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காருக்குப் போய்த் தன் பெட்டியைத் திறந்தார்.

தலைமை அலுவலகத்து டேப்பை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதுல யாரு இருக்காங்க?" என்றார் அக்கா.

"பெரிய ஆபீஸ் உத்தியோகக்காரங்க எல்லாரும்" என்று நான் மொழிபெயர்த்தேன். "டைரக்டருங்ககூட இருக்காங்களாம்."

அக்கா பெட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். திருப்தி. மேடையில் வைத்து, சந்தனத்தை விரலில் தொட்டு நடுவில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். பிறகுதான் எங்கள் பெட்டியை எடுத்து, பூவை நீக்கிவிட்டு அண்ணன் கையில் கொடுத்தார். வடையும் பொட்டலம் கட்டினார். "வடை குடுக்கலாமா?" என்று மேனேஜர் கொஞ்சம் குத்தலாகக் கேட்டார். சாப்பாடு போடுவது வேறு என்றார் அக்கா.

ரூமுக்குத் திரும்பி அண்ணன் சுருளை மாட்டினார். மேனேஜர் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நின்றார். சுருள் ஓடியது. நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் முகம் செத்துப்போனது. கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சுருளின் விளிம்பில் காய்ந்த சந்தனத் துணுக்கு ஒன்று, பொட்டு வைக்கும்போது உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, குழந்தைக்குக் காது துடைப்பது போலத் துடைத்தார். மறுபடி மாட்டினார். இந்தமுறை அது நிற்கவில்லை. சுருள் இடமிருந்து வலம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் வடையைத் தின்றுகொண்டே அதைப் பார்த்தோம். கம்ப்யூட்டர் ரூமில் எதையும் தின்னக்கூடாது என்று எழுதி மாட்டியிருந்த பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

முடிந்ததும் கோலாலம்பூர்க்காரர், விற்றுப்போன ஒரு தோட்டத்தைச் சொல்லி எடுக்கச் சொன்னார். பச்சை எழுத்தில் வரிசை வரிசையாக ஜனங்கள் ஏறி வந்தார்கள், லயம் லயமாக. நான் அடித்தவைதான், ஆனாலும் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வேறொரு தோட்டம் கேட்டார், அதுவும் வந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். மேனேஜர் அவர் தோளைத் தட்டி, "நான் அப்பவே சொன்னனான், கவனமா வைக்கச் சொல்லி" என்றார்.

கோலாலம்பூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் தன் டேப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அண்ணன் அவரைப் பாவமாகப் பார்த்தார். "பாஸ், இன்னும் வெள்ளிக்கிழமதான் லா."

அதை எடுக்காமலேதான் அவர் ரயில் ஏறினார். எழுதுகிற ஆள் கெட்டிக்காரர். தலைமை அலுவலகத்தின் டேப்பை ஒரு பெண்மணி சாமி மேடையில் ஈடாகப் பிடித்துவைத்திருக்கிறார் என்று எழுதவில்லை. முன்யோசனையோடு வெளியூரில் பாதுகாப்பாக வைத்துவிட்டு வந்திருப்பதாக எழுதியிருந்தார். எங்கள் ரிஸ்டோரைப் பற்றியும் நல்லவிதமாக எழுதியிருந்தார். கட்டடமே போனாலும் ஈப்போவின் பரணைச் சாயங்காலத்துக்குள் மீட்டுவிடலாம் என்று கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். மேனேஜர் அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். கேக் வாங்கி வெட்டினோம்.

கேக் செரிப்பதற்குள் அடுத்த கடிதம் வந்தது. இவ்வளவு சுலபமாக டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்க முடியும் என்றால் அதைக் கோலாலம்பூர் மெஷினிலும் மீட்கலாமே, ஈப்போவில் தனியாக ஒரு ரூம் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள் தோற்றிருந்தால் திறமை இல்லை என்று மூடியிருப்பார்கள். ஜெயித்ததால் தேவை இல்லை என்று மூடினார்கள். மெஷினைப் பிரித்து லோரியில் ஏற்றியபோது சால்வைக்காரப் பெண்மணி, "பொணத்த எடுத்துட்டாங்க" என்றாள். என்னை அதே கட்டடத்தில் மேல்மாடியில் கடிதம் அடிக்கப் போட்டார்கள். அங்கே ஏர்கண்டிஷன் இல்லை, காற்றாடிதான்.

அண்ணனை என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தக் கோலாலம்பூர்க்காரர்தான் யோசனை சொன்னாராம். பரண் கோலாலம்பூருக்கு வந்துவிட்டால் பேக்கப் கோலாலம்பூரில் இருக்கக்கூடாதே, ஊரே வெள்ளத்தில் போனால்? அதற்கு வெளியூரில் ஓர் இடம் வேண்டும், நம்பகமான ஆள் வேண்டும். ஆள் இருக்கிறார், இடமும் பார்த்துவைத்திருக்கிறது. அண்ணனுக்கு மேல்மாடியில் ஒரு மேஜையும் நீளமான ஒரு பதவியும் கொடுத்தார்கள். மேஜையில் செய்ய வேலை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வருகிற சுருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், வீட்டிலிருப்பதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மிச்ச நேரம் மேஜையில் தூங்கினார். ஈப்போவை விட்டுப் போகவே இல்லை.

தலைமை அலுவலகத்து டேப்பும் அந்த மேடையிலேயே, பரண் சுருளுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. திருப்பிக் கேட்டால் ஏன் அங்கே போனது என்று கேள்வி வரும் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஒரு தீபாவளிக்கு அங்கே போயிருந்தபோது அக்கா அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இவங்க எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.

"யாரு, டைரக்டருங்களா?" என்றார் அக்கா. "பெரிய ஆளுங்கன்னு பயந்தேன் தங்கச்சி. நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சம் எடம் விட்டு ஒதுங்கித்தான் இருக்காங்க."